அன்றாட வாழ்வில் விசுவாசத்தைத் தைரியமாக வாழ்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கக் கெபியிலும் அக்கினிச் சூளையிலும் நின்றவர்களின் கதைகளை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, தைரியம் என்றாலே உயிர் போகும் கட்டத்தில் தேவைப்படும் ஒன்று என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் ஒரு விசுவாசிக்குத் தைரியம் தேவைப்படும் நேரங்களை எண்ணிப் பாருங்கள். மேலாளர் உங்கள் மேசைக்கு வந்து, "பழைய தேதியைப் போட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்கிறார். மதிய உணவு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து, அங்கே இல்லாத ஒருவரைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணினீங்க?" என்று யாரோ கேட்க, "சும்மா வீட்டில்தான்" என்று வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. இதில் எதிலும் யாரும் நம் உயிரை எடுக்கப்போவதில்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது.

இந்த வழிகாட்டி அந்த நேரங்களுக்கானது. அப்படிப்பட்ட ஒரு நிமிடத்தில் வெளிப்படும் தைரியம் பெரும்பாலும் அந்த நிமிடத்தில் பிறப்பதில்லை. யாரும் பார்க்காதபோது எடுத்த முடிவுகளிலும், பழகிய ஜெபத்திலும் அது ஏற்கெனவே உருவாகியிருக்கும். அதனால் கீழே வரும் படிகளில் பாதி, பிரச்சினை வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

முதல் படி: உங்கள் பயம் எது என்று கண்டுபிடியுங்கள்

பேதுருவின் அந்த ஒரே இரவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தீவட்டிகளோடும் ஆயுதங்களோடும் வந்த கூட்டத்துக்கு எதிராகத் தோட்டத்தில் பட்டயத்தை உருவியவர் அவர்தான். சில மணி நேரத்துக்குள், குளிர்காயும் நெருப்பருகே ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு, "அவரை அறியேன்" என்றவரும் அவரேதான். பேதுரு எல்லாவற்றுக்கும் பயந்தவர் அல்ல. சண்டை போடும் துணிச்சல் அவருக்கு இருந்தது. கைதியாகத் தலைகுனிந்து நிற்கும் ஒருவரோடு தன்னையும் சேர்த்துப் பார்ப்பார்களே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நமக்கும் அப்படித்தான். ஊழலை எதிர்த்து மேடையில் முழங்குகிறவரால், சொந்த அண்ணனிடம் ஒரு உண்மையைச் சொல்ல முடியாமல் இருக்கலாம். எனவே ஒரு வாரம், இரவு படுக்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எங்கே பின்வாங்கினேன்? அப்போது எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்? வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால், அநேகமாக ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். வேலை, நல்ல பெயர், குடும்பத்தின் சமாதானம், தனிமையாகிவிடுவோமோ என்ற கலக்கம், இவற்றில் ஏதோ ஒன்று. "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்" என்கிறது நீதிமொழிகள் 29:25. கண்ணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் காலை எடுத்து வைக்க முடியும்.

இன்னொன்று. பயம் வந்துவிட்டது என்பதற்காகவே, விசுவாசம் இல்லாதவன் என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். கொரிந்துவுக்குப் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் போனதாகப் பவுலே எழுதியிருக்கிறார். "பயப்படாமல் பேசு" என்று ஆண்டவர் அதே ஊரில், இராத்திரியில், அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: முடிவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன்.

தானியேல் முதலாம் அதிகாரத்தில், ராஜாவின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாது என்று தானியேல் "தன் இருதயத்தில் நிர்ணயம்பண்ணிக்கொண்டு", அதற்குப் பிறகுதான் போய்ப் பேசுகிறார். தட்டு முன்னால் வந்த பிறகு யோசிக்கவில்லை. பசியும் பயமும் சுற்றியிருப்பவர்களின் பார்வையும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும்போது, மூளை எப்போதும் சுலபமான பக்கத்துக்குத்தான் வாதாடும்.

தானியேல் எதையெல்லாம் மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் படித்தார். அவருக்கு வைக்கப்பட்ட பெல்தெஷாத்சார் என்ற பெயரோடு அரண்மனையில் வேலை பார்த்தார். அந்நிய ராஜாவுக்கு நேர்மையாகச் சேவை செய்தார். எல்லாவற்றிலும் முரண்டு பிடிப்பவராக இருந்திருந்தால், உண்மையில் நிற்க வேண்டிய இடத்தில் அவர் பேச்சு எடுபட்டிருக்காது. மனசாட்சிக்கும் சொந்த விருப்பு வெறுப்புக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அலுவலக விருந்தில் போடும் பாட்டு பிடிக்கவில்லை என்பது உங்கள் ரசனை. நடக்காத செலவுக்கு ரசீது தயாரிக்கச் சொல்வது மனசாட்சியின் விஷயம்.

ஆகவே ஒரு தாளில் மூன்று நான்கு வரிகள் மட்டும் எழுதுங்கள். முடிக்காத வேலையை முடிந்தது என்று எழுதமாட்டேன். இன்னொருவர் உழைப்பை என் பெயரில் காட்டமாட்டேன். லஞ்சம் கொடுக்கமாட்டேன், வாங்கமாட்டேன். இல்லாதவரைப் பற்றி, அவர் முன்னால் சொல்லத் துணியாததைச் சொல்லமாட்டேன். உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி இவை மாறும். நர்ஸ் ஒருவருக்கு ஒன்று, கட்டிட ஒப்பந்தக்காரருக்கு வேறு, மாணவருக்கு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வரி எழுதாதீர்கள். நெருக்கடியில் நினைவுக்கு வராது.

அப்புறம், மறுக்கும் விதம். தானியேல் அதிகாரியிடம் வேண்டிக்கொள்கிறார். அந்த அதிகாரி, "ராஜாவுக்குத் தெரிந்தால் என் தலை போய்விடும்" என்று பயப்படுகிறார். தானியேல் அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தவில்லை. தங்களைக் கவனித்துக்கொண்ட மேல்ஸாரிடம் போய் ஒரு மாற்று வழி சொல்கிறார்: 10 நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், பிறகு நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். தன் கொள்கைக்கான விலையை அடுத்தவர் தலையில் கட்டாமல் வழி தேடிய விதம் அது.

இதை அந்தப் பழைய தேதிக் கையெழுத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலில், அது தவறுதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். "இது எதற்காக சார்?" என்று கேட்டாலே சில நேரம் விஷயம் வேறாக இருக்கும். தவறுதான் என்றால், பத்துப் பேர் முன்னால் சொல்லாமல், தனியாகப் போய் இப்படிச் சொல்லலாம்:

"சார், இன்றைய தேதி போட்டு இப்போதே கையெழுத்து போட்டுத் தருகிறேன். ஏன் தாமதமாயிற்று என்று ஒரு குறிப்பும் நானே எழுதி இணைக்கிறேன். பழைய தேதி மட்டும் என்னால் போட முடியாது."

முதல் வாக்கியத்தில் உதவி இருக்கிறது. இரண்டாவதில், அவருடைய சிக்கலை நீங்கள் புரிந்துகொண்டது தெரிகிறது. மூன்றாவதில், மறுப்பு தெளிவாக இருக்கிறது. பிரசங்கம் எதுவும் இல்லை. "நான் கிறிஸ்தவன், உங்களை மாதிரி இல்லை" என்ற தொனி வந்துவிட்டால், சாட்சி அங்கேயே முடிந்துவிடும். "ஏன் முடியாது?" என்று அவரே கேட்டால், அப்போது தயங்காமல் சொல்லுங்கள்: "நான் விசுவாசிக்கிற ஆண்டவர் முன்னால் என்னால் அப்படி எழுத முடியாது சார்." அவ்வளவு போதும்.

அவர் மறுபடியும் வற்புறுத்தினால், அதே வாக்கியத்தை, குரலை உயர்த்தாமல் மறுபடியும் சொல்லுங்கள். புதிது புதிதாகக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொன்றையும் உடைத்துக்கொண்டே வருவார். அதன் பிறகும் அழுத்தம் தொடர்ந்தால், நடந்ததை மரியாதையான ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுங்கள். இந்த வாக்கியங்களை முந்தைய இரவே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதில் வெட்கமே வேண்டாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்வதற்கு நாக்குக்கும் பழக்கம் தேவை.

மூன்றாம் படி: பயத்தோடேயே ஜெபத்துக்குப் போங்கள்

அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் மிரட்டி அனுப்பப்படுகிறார்கள். திரும்பி வந்ததும் சபை கூடி ஜெபிக்கிறது. அந்த ஜெபத்தில், மிரட்டுகிறவர்களை அகற்றிப்போடும் என்ற விண்ணப்பம் இல்லை. அவர்கள் பயமுறுத்துவதைக் கவனித்து, வசனத்தை முழு தைரியத்தோடு சொல்ல எங்களுக்கு அருள்செய்யும் என்றுதான் கேட்கிறார்கள். நம் ஜெபங்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "அந்த மேலாளரை வேறு கிளைக்கு மாற்றிவிடும் ஆண்டவரே" என்பதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம்.

நீண்ட ஜெபமும் வேண்டும், கண் இமைக்கும் நேர ஜெபமும் வேண்டும். நெகேமியா எருசலேம் இடிந்து கிடக்கும் செய்தியைக் கேட்டு மாதக்கணக்கில் உபவாசித்து ஜெபித்தார். பிறகு ராஜா, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார். கையில் திராட்சரசம் பரிமாறும் வேலை, எதிரே பேரரசர். கண்ணை மூடியிருக்க முடியாது. "கர்த்தாவே, வார்த்தை தாரும்" என்ற அளவுக்குத்தான் நேரம் இருந்திருக்கும். மாதக்கணக்கில் ஜெபித்துப் பழகியவருக்குத்தான் அந்த நொடி ஜெபம் தானாக வந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையில் ஒரு இரவு. 1956 ஜனவரி 27, மாண்ட்காமரி நகரம். பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு வயது 27. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். நள்ளிரவில் தொலைபேசியில் கொலை மிரட்டல் வருகிறது. தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு, எப்படி இதிலிருந்து விலகுவது என்று யோசித்தபடி மேசையில் உட்கார்ந்தார். பிறகு, தான் பலவீனமாக இருப்பதையும் தன் தைரியம் போய்க்கொண்டிருப்பதையும் மறைக்காமல் வாய்விட்டு ஜெபித்தார். ஆண்டவர் தன்னோடு இருப்பதை அதற்கு முன் அறியாத விதத்தில் அங்கே உணர்ந்ததாகப் பின்னர் சொன்னார். மூன்று நாள் கழித்து அவர் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. கோபத்தோடு திரண்ட கூட்டத்தை, பழிவாங்க வேண்டாம் என்று அந்த வீட்டு முற்றத்திலிருந்தே அமைதிப்படுத்தி அனுப்பினார்.

அந்த மேசையில் அவர் செய்ததையே நாமும் செய்யலாம். "ஆண்டவரே, நாளைக்கு அந்தக் கூட்டத்தில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லித் தொடங்குங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லிஃப்டில் போகிற நேரத்துக்குள் அதைச் சொல்லி முடித்துவிடலாம்.

நான்காம் படி: சின்னதில் ஆரம்பியுங்கள்

நிக்கொதேமு யோவான் சுவிசேஷத்தில் மூன்று முறை வருகிறார். முதலில் இராத்திரியில் ரகசியமாக. இரண்டாவது, ஆலோசனைச் சங்கத்தில், "ஒருவனை விசாரிக்காமல் நம் சட்டம் தீர்ப்புச் சொல்லுமா?" என்று ஒரே ஒரு கேள்வி, அதற்கே ஏளனம் கிடைத்தது. மூன்றாவது, சிலுவைக்குப் பிறகு, ஏறக்குறைய நூறு இராத்தல் நறுமணப் பொருள்களோடு, இயேசுவின் சரீரத்தை அடக்கம் செய்ய. இயேசு அவரை முதல் இரவிலேயே, "ஏன் பகலில் வரவில்லை?" என்று விரட்டவில்லை.

எனவே இந்த வாரம், உணவுக்கு முன் ஜெபிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், அலுவலகத்திலும் தலை குனிந்து ஜெபியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டால், "காலையில் ஆராதனைக்குப் போயிருந்தேன்" என்று இயல்பாகச் சொல்லுங்கள். புறணி தொடங்கும்போது, "அவர் எனக்கு ஒரு முறை உதவி செய்திருக்கிறார்" என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது

1 பேதுரு 3:15, நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. ஆயத்தம் என்றால், உங்கள் சாட்சியை இரண்டு நிமிடத்தில், சபைக்கு வெளியே உள்ளவருக்கும் புரிகிற வார்த்தைகளில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "இரட்சிக்கப்பட்டேன், அபிஷேகம் பெற்றேன்" என்பது நமக்குப் பொக்கிஷம். கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது. எதிலிருந்து எப்படி மாறினேன், இப்போது எதை நம்பி எழுந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்பதும் தைரியம்தான்.

அடுத்தவர் வணங்குவதை இகழ்ந்து பேசுவதைச் சிலர் தைரியம் என்று நினைக்கிறார்கள். பவுலும் அவருடைய கூட்டாளிகளும் எபேசுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்த பிறகு, கலவரம் வெடித்தது. அப்போது அந்தப் பட்டணத்தின் அதிகாரியே எழுந்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று சாட்சி சொன்னார். அவ்வளவு தெளிவாகச் சுவிசேஷம் சொன்னவர்களுக்கு எதிர்த்தரப்பிலிருந்து கிடைத்த நற்சான்று அது. நம்மைப் பற்றி அப்படிச் சொல்வார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காத குழுக்களில் தினமும் வசனப் படம் அனுப்புவதைவிட, அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இரவு துணைக்குத் தங்குவது அதிகம் பேசும்.

ஆறாம் படி: வீட்டுக்குள்ளும் சபைக்குள்ளும்

வெளியே வீரம் பேசுகிறவர்களுக்கும் கால் இடறும் இடம் வீடு. பிள்ளையிடம், "நேற்று நான் கத்தினது தப்பு, மன்னிச்சுடு" என்று சொல்வதற்குத் தேவைப்படும் தைரியம் சாதாரணமானதல்ல. "ஆனா நீயும்..." என்று இழுக்காமல் அந்த வாக்கியத்தை முடித்துவிடுங்கள்.

மன்னிப்பதும் அப்படித்தான். யூதர்களை ஒளித்து வைத்ததற்காக நாஜிக்களின் ராவன்ஸ்ப்ரூக் வதை முகாமில் அடைக்கப்பட்ட கோரி டென் பூம் என்ற டச்சுப் பெண், தன் அக்கா பெட்ஸியை அங்கேயே இழந்தார். 1947-இல் மியூனிக் நகரில் ஒரு ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அந்த முகாமின் பழைய காவலர் ஒருவர் கை நீட்டினார். தன் கை எழும்பவே இல்லை என்றார் கோரி. மனதில் துளி அன்பும் இல்லை. "என்னால் கையை மட்டும்தான் நீட்ட முடியும், உணர்வை நீர் தாரும்" என்ற பொருளில் ஜெபித்து, கட்டையாகக் கையை நீட்டினார். உணர்வு அதற்குப் பிறகுதான் வந்தது. இதயம் தயாராகும்வரை காத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அடி விழும் வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடப்பதுதான் விசுவாசம் என்று யார் போதித்தாலும் நம்பாதீர்கள். சவுல் கொல்லத் தேடியபோது தாவீது ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினார். பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், சட்டத்தின் உதவியைக் கேட்பதும் தைரியமான செயல்கள்.

சபையில், பணக்காரருக்கு முன் இருக்கையும் எளியவருக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் நேராகவே கண்டிக்கிறார். பாகுபாட்டைப் பார்த்தால், போதகராக இருந்தாலும் மூப்பராக இருந்தாலும், மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். பத்துப் பேரிடம் புலம்பிவிட்டுப் போகாதீர்கள். சிறுபிள்ளைகளின் பாதுகாப்பு போன்ற விஷயங்களில் மட்டும் காத்திருக்கவே கூடாது. உடனே காவல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: விலையைக் கணக்கிட்டு வையுங்கள்

நேர்மைக்குச் சில நேரம் பதவி உயர்வு போகும், சில நேரம் வேலையே போகும். அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும், தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்கு வாழ்க்கையில் சில ஏற்பாடுகள் தேவை.

பிரசங்கங்களில் அதிகம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: கடனைக் குறையுங்கள். மாதத் தவணைகள் கழுத்தை நெரிக்கும்போது, "முடியாது சார்" என்று சொல்வது பல மடங்கு கஷ்டம். சில மாதச் செலவுக்கான பணம் சேமிப்பில் இருந்தால், மனசாட்சிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அதேபோல, கணவன் அல்லது மனைவியோடு முன்பே பேசிவிடுங்கள். விலையில் பங்கு அவர்களுக்கும் உண்டு.

சண்டையைத் தேடிப் போக வேண்டாம். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொன்னார். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியைத் தடுத்தார். பின்பு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, மேல்முறையீடு செய்தார். ஆகாப் ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரனான ஒபதியா, வெளியே முழக்கமிடாமல், 100 தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் ஒளித்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். தேவன் நமக்குக் கொடுத்திருப்பது பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவி. தெளிந்த புத்தியையும் பயன்படுத்த வேண்டும்.

எட்டாம் படி: தவறிவிட்டால், மறுநாளே திரும்பிப் போங்கள்

இத்தனைக்குப் பிறகும் சில நாள் வாய் அடைத்துப்போகும். பேதுரு மறுதலித்தது கரிநெருப்பு அருகே. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரைச் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது. மூன்று முறை, "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டார். மூன்று முறையும் ஆடுகளைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்தார். அதே பேதுரு, பல வருஷம் கழித்து அந்தியோகியாவில் மறுபடியும் மனுஷருக்குப் பயந்து, புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகினார். பவுல் முகத்துக்கு நேராகக் கண்டிக்க வேண்டியிருந்தது. அப்படியும் அவர் அப்போஸ்தலராகவே இருந்தார்.

எனவே குற்ற உணர்வில் ஒரு வாரம் உழலாதீர்கள். அறிக்கையிட்டு, மறுநாளே அந்த நபரிடம் போங்கள். "நேற்று நீங்கள் கேட்டபோது நான் சரியாகச் சொல்லவில்லை. உண்மையில் ஆராதனைக்குத்தான் போயிருந்தேன்." சரி, அவர் சிரிக்கக்கூடும். ஆனால் அடுத்த முறை உங்களுக்கு அவ்வளவு படபடப்பு இருக்காது.

ஒன்பதாம் படி: தனியாக நிற்காதீர்கள்

இதைக் கடைசியில் வைத்தாலும், முதல் நாளே தொடங்கலாம். கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுலைச் சந்திக்க, அங்கிருந்த சகோதரர்கள் சிலர் அப்பியுபுரம் வரைக்கும் வந்தார்கள். ரோமிலிருந்து அது ஏறக்குறைய 65 கிலோமீட்டர். "அவர்களைப் பவுல் கண்டு, தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான்" என்று எழுதியிருக்கிறார் லூக்கா. புயலிலும் கப்பல் சேதத்திலும் மற்றவர்களைத் திடப்படுத்தியவருக்கே, சாலையில் சில முகங்களைக் கண்டபோதுதான் தைரியம் வந்தது.

உங்களுக்கும் இரண்டு பேர் போதும். உங்கள் பயம் எது, நீங்கள் எழுதிய அந்த மூன்று நான்கு வரிகள் எவை என்று தெரிந்தவர்கள். அறிவுரையைவிட ஜெபத்தை அதிகம் தருகிறவர்களாகவும், நீங்கள் தவறும்போது நேராகச் சொல்கிறவர்களாகவும் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பேசுங்கள். கடினமான ஒரு சந்திப்பு இருக்கும் நாளில், "11 மணிக்கு உள்ளே போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள். வெளியே வந்ததும், நடந்தது நல்லதோ கெட்டதோ, முதலில் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்கு அப்படிப்பட்ட நாள் வந்தால், முடிந்தால் விடுப்பு போட்டுவிட்டு, அந்த அலுவலக வாசல் வரைக்கும் கூடவே போங்கள்.